டிவி மெக்கானிக் வீட்டில் டிவி ஓடுவதில்லை

23 வருடங்களாக டிவி பழுது பார்க்கிறேன். 5 வருடங்களாக என் வீட்டில் டிவி ஓடுவதில்லை. "பண்ற தொழிலுக்கே வேட்டு வைக்கிறீங்களே அண்ணே" என்று கடைக்கு வருகிறவர்கள் கேலி செய்வார்கள். இந்த யோசனையைக் கொடுத்ததே அவர்கள்தான்.

பழுதான டிவியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறவர் முதல் நாள் மூன்று தடவை போன் செய்வார். "பார்த்தீங்களா, என்ன கோளாறு?" இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் வீட்டுப் பெரியவரிடம் போனைக் கொடுத்துப் பேசச் சொல்வார், சிபாரிசுக்கு. ஐந்தாறு நாள் போனால் அழைப்பு குறையும். போர்டு கிடைக்காமல் பத்துப் பதினைந்து நாள் இழுத்துவிட்டால் கதையே வேறு. நானாகக் கூப்பிட்டு "ரெடியாயிடுச்சு, வந்து எடுத்துக்குங்க" என்றால், "இந்த வாரம் கொஞ்சம் வேலை இருக்கு, பார்க்கலாம்" என்பார். சிலர் வருவதே இல்லை. சரிசெய்து, துடைத்து, பெயர் எழுதி ஒட்டிய ஏழு டிவிகள் கடையின் பின்பக்கம் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்காகவும் ஒரு காலத்தில் எனக்குத் தினம் மூன்று போன் வந்தது.

அந்த ஏழையும் பார்த்துத்தான் எனக்குத் தைரியம் வந்தது. முதல் பத்து நாள்தான் கஷ்டம், அதைத் தாண்டிவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டேன். கணக்கில் ஒரு பிழை இருந்தது.

முதல் தடவை நான் செய்த தப்பு

ஒரு நாள் ராத்திரி கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். நான் உள்ளே வந்ததை யாரும் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றி, கைகால் கழுவி, நாற்காலியில் உட்கார்ந்தும் ஆயிற்று, விளம்பரம் வந்த பிறகுதான் "எப்பங்க வந்தீங்க?" என்றாள் மனைவி. சுருக்கென்று இருந்தது. மறுநாள் காலையில் யாரிடமும் கேட்காமல் டிவியைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய்விட்டேன்.

ஒரு வாரம் முறைத்தார்கள். அப்புறம் முறைப்பது நின்றுவிட்டது. பரவாயில்லையே, பழகிவிட்டார்கள் என்று நினைத்தேன். ஒரு மாதம் கழித்து ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது பார்த்தேன்: மகள் அறையில் நீல வெளிச்சம், மகன் போர்வைக்குள் நீல வெளிச்சம், மனைவி கூடத்தில் காதில் இயர்போனுடன். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற என் கையிலும் போன் இருந்தது. டிவி இருந்தபோது ரிமோட்டுக்காகச் சண்டை போட்டாவது நாலு பேரும் ஒரே அறையில் இருந்தோம். அதுவும் போய்விட்டிருந்தது. டிவியைத் திரும்பக் கொண்டுவந்து மாட்டினேன். உண்மையைச் சொன்னால், எனக்கே நிம்மதியாக இருந்தது.

அதனால் நான் முதலில் சொல்வது இதுதான்: டிவியைக் கடைசியாக எடுங்கள். போனில் கை வைக்காமல் டிவியில் கை வைத்தால், ஒரு திரைக்குப் பதில் வீட்டில் நாலு திரை வந்துவிடும்.

முதலில் மீட்டர் வையுங்கள்

எந்த டிவி வந்தாலும் திறப்பதற்கு முன் மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பேன். பவர் போர்டில் கப்பாசிட்டர் உப்பியிருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டு திறந்து, அதில் ஒன்றும் இல்லாமல் பேக்லைட் பட்டை போயிருந்தது எத்தனையோ தடவை நடந்திருக்கிறது. வீட்டுக்கும் அதே முறைதான்.

டிவிக்குப் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி, பேனாவை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். போட்ட நேரம், அணைத்த நேரம், போட்டது யார், எதற்காக. நாலே கட்டம். ஒரு வாரம் யாரும் எதையும் குறைக்க வேண்டாம், எழுதினால் போதும். போனுக்குத் தாள் தேவையில்லை, அதுவே கணக்கு வைக்கிறது: ஆண்ட்ராய்டில் 'டிஜிட்டல் வெல்பீயிங்', ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்'. இரண்டும் 2018-இல் வந்தவை. அமைப்புகளுக்குள் போய்த் தேடினால் கிடைக்கும்.

எங்கள் வீட்டுத் தாளில் டிவி சராசரியாக ஒரு நாளைக்கு 4 மணி 10 நிமிடம். அதில், இன்னதைப் பார்க்க வேண்டும் என்றே போட்டது 50 நிமிடம்தான். மீதிக்கெல்லாம் 'எதற்காக' என்ற கட்டத்தில் "சும்மா" என்று எழுதியிருந்தது. என் மகன் இரண்டு நாளைக்கு மேல் அந்தச் சொல்லை எழுதவும் சோம்பல்பட்டு மேற்கோள் குறி போட ஆரம்பித்துவிட்டான். என் போன் கணக்குதான் எனக்கு அதிர்ச்சி. ஒரு மணி நேரம் இருக்கும் என்று நினைத்தேன்; 3 மணி 20 நிமிடம் காட்டியது. கடையில் ஸ்க்ரூ கழற்றும் நேரத்தைவிட அது அதிகம்.

இந்தத் தாளைக் கிழித்துப் போடாதீர்கள். ஆறு மாதம் கழித்து "நாங்க அப்படி ஒண்ணும் நிறையப் பார்க்கலையே" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அன்றைக்கு எடுத்துக் காட்டலாம்.

போனை மந்தமாக்குங்கள்

ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் எனக்கு அதை விடவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது. போன் ஏன் இவ்வளவு பிடித்து வைக்கிறது என்று படித்துப் பார்த்தேன்.

பழைய டிவிக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. நிகழ்ச்சி முடியும். ராத்திரி ஆனால் நிலையத்தையே மூடிவிடுவார்கள், திரையில் புள்ளி புள்ளியாகக் கொதிக்கும். எழுந்துபோக அதுவே ஒரு சாக்கு. போனில் அந்தச் சாக்கையெல்லாம் தேடித் தேடி அடைத்திருக்கிறார்கள். பக்கத்தின் அடி வராமல் உருண்டுகொண்டே இருக்கும் ஏற்பாட்டை 2006-இல் உருவாக்கியவர் ஏசா ராஸ்கின். அதை நினைத்துப் பின்னால் அவரே வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார். ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவது இன்னொன்று. யூடியூபில் மக்கள் பார்க்கும் நேரத்தில் 70 விழுக்காட்டுக்கும் மேல், அதுவே எடுத்து நீட்டுகிற காணொளிகளுக்குப் போகிறது என்று அந்த நிறுவனத்தின் உயர் அதிகாரியே 2018-இல் சொன்னார். அதாவது நாமாகத் தேடிப் பார்ப்பது கொஞ்சம்தான். நெட்ஃபிளிக்ஸின் தலைவராக இருந்த ரீட் ஹேஸ்டிங்ஸ் 2017-இல் இன்னும் வெளிப்படையாக, எங்களுக்குப் போட்டி தூக்கம்தான் என்ற பொருளில் பேசினார். என் தூக்கத்துக்கு ஒருவர் போட்டிக்கு வருகிறார் என்று தெரிந்த பிறகு எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. ரோஷம் இந்த வேலைக்கு உதவும்.

இனி செய்ய வேண்டியவை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

அறிவிப்புகளை எல்லாவற்றுக்கும் நிறுத்துங்கள். மனிதர்கள் நேரடியாக உங்களைக் கூப்பிடும் அழைப்பும் செய்தியும் மட்டும் இருக்கட்டும். வங்கியிலிருந்து வருவதையும் விட்டுவிடுங்கள். "உங்கள் நண்பர் ஒரு படம் போட்டிருக்கிறார்" என்பதெல்லாம் தேவையில்லை. நிஜ நண்பர் என்றால் கூப்பிட்டுச் சொல்வார்.

யூடியூபில் 'வாட்ச் ஹிஸ்டரி'யை நிறுத்தி, பழைய பட்டியலையும் அழித்துவிடுங்கள். 2023 ஆகஸ்ட் மாதத்திலிருந்து, அப்படிச் செய்தால் முகப்புப் பக்கம் அநேகமாகக் காலியாகிவிடுகிறது. திறந்தால் தேடும் பெட்டி இருக்கும், வேறொன்றும் இருக்காது. என்ன தேட வந்தேன் என்று யோசித்தால்தான் எதுவும் நடக்கும். எனக்கு அது தொழில் கருவி, ஒரு போர்டின் கோளாறைத் தேட அதைத்தான் திறப்பேன். இப்போது போர்டைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிட முடிகிறது. கூடவே ஆட்டோபிளேயையும் அணைத்துவிடுங்கள். இந்த ஒன்றை மட்டும் செய்தவர்கள்கூட என்னிடம் வந்து நன்றி சொல்லியிருக்கிறார்கள்.

வாட்ஸ்அப் குழுக்களை விட்டு வெளியேறினால் உறவில் பகை வரும், அதனால் வெளியேற வேண்டாம். எப்போதைக்குமாக மியூட் செய்து, ஆர்க்கைவில் போட்டுவிடுங்கள். புதுச் செய்தி வந்தாலும் அது மேலே வராமல் அங்கேயே கிடக்கும்படி ஓர் அமைப்பு இருக்கிறது, அது இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை உள்ளே போய்ப் பிறந்தநாள் வாழ்த்து, இரங்கல் இரண்டையும் சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

படம், குட்டி வீடியோ, சண்டை இந்த மூன்றும் ஓடும் செயலிகளைப் போனிலிருந்து நீக்குங்கள். கணக்கை அழிக்கச் சொல்லவில்லை. கணினியில் போய்ப் பாருங்கள், பாஸ்வேர்டைத் தினமும் தட்டச்சு செய்கிற மாதிரி வைத்துக்கொண்டு.

திரையைக் கறுப்பு வெள்ளையாக்கினால் ஆசை குறையும் என்று பலர் சொல்கிறார்கள். எனக்குக் குறையவில்லை. கறுப்பு வெள்ளை டிவியிலேயே வளர்ந்த கண், இரண்டு நாளில் பழகிவிட்டது. உங்களுக்கு வேலை செய்யலாம், முயன்று பாருங்கள்.

கடைசியாக, படுக்கையறையிலிருந்து சார்ஜரை எடுத்துவிடுங்கள். போன் கூடத்தில் தூங்கட்டும். "அப்போ அலாரம்?" என்று கேட்பீர்கள். ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வாங்குங்கள், டிவி ரிமோட்டில் உள்ள அதே அளவு பேட்டரி போடுவது. இப்போதைக்கு ஒரு பேட்டரி போதும், உதிரி வாங்கி வைக்க வேண்டாம். அது ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இப்படி ஒரு மாதம் ஓடட்டும். இந்த மாதத்தில் டிவி பார்ப்பது கொஞ்சம் கூடக்கூடச் செய்யலாம். கூடினால் கூடட்டும். அது ஒரே இடத்தில் ஆணியடித்து நிற்கும் பெட்டி, அதனிடம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

இப்போது டிவி

ஆரம்பத்தில் டிவிக்கு ரிமோட் கிடையாது. எழுந்துபோய்க் குமிழைத் திருக வேண்டும். 1950-இல் அமெரிக்காவில் ஜெனித் நிறுவனம் வயர் வைத்த ரிமோட் ஒன்றை விற்றது, பெயரே சோம்பேறித்தனத்தைக் கிண்டல் செய்கிற பெயர். வயர் தடுக்கி ஆட்கள் விழுந்தார்கள். 1956-இல் அதே நிறுவனத்தின் ராபர்ட் ஆட்லர் வயரும் பேட்டரியும் இல்லாத ஒரு ரிமோட்டைச் செய்தார்: பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் சின்ன உலோகக் கம்பியைத் தட்டும், காதுக்குக் கேட்காத அந்த ஒலியை டிவி பிடித்துக்கொள்ளும். எவ்வளவு அழகான வேலை! நல்லவேளை இன்று அது இல்லை. இருந்திருந்தால் நான் சொல்லப்போகும் தந்திரம் பலித்திருக்காது.

உங்கள் ரிமோட்டைத் திறந்து பாருங்கள். பெரிய பென்சில் பேட்டரி போடும் ரகமா, சின்னதா? அலாரம் கடிகாரமும் அதே அளவு போடுவதாக இருக்க வேண்டும். கடிகாரத்தில் இதுவரை இருந்த பேட்டரியை வீட்டை விட்டு அனுப்பிவிட்டு, ரிமோட்டிலிருந்து ஒன்றை எடுத்து அதில் போடுங்கள். வேறு உதிரி பேட்டரி வீட்டில் இருக்கக் கூடாது. இனி டிவி பார்க்க வேண்டுமென்றால் படுக்கையறைக்குப் போய்க் கடிகாரத்தை நிறுத்தி, பேட்டரியைக் கழற்றி வர வேண்டும். பார்த்து முடித்ததும் திரும்பப் போட்டு, மணி சரிசெய்து, அலாரத்தையும் வைத்துவிட்டுத்தான் படுக்க முடியும். யாரும் யாரையும் தடுக்கவில்லை. ஆனால் "சும்மா" போட முடியாது. எங்கள் தாளில் அந்தச் சொல் முதல் வாரத்திலேயே பாதிக்கு மேல் போய்விட்டது.

பெட்டியிலேயே பொத்தான் இருக்குமே என்று என் மகன் கண்டுபிடித்தான். இருக்கும். இப்போதைய டிவிகளில் அடிப்பக்கமோ பின்பக்கமோ ஒரே ஒரு பொத்தான், அதையே அழுத்தியும் தள்ளியும் எல்லாம் செய்ய வேண்டும். குனிந்து, கையை உள்ளே விட்டு, தடவித் தடவிச் சேனல் மாற்றிப் பார்க்கட்டும். இரண்டு நாள் பார்த்தான். போனையே ரிமோட்டாக்கும் செயலி இருந்தால் அதை மட்டும் மறக்காமல் நீக்கிவிடுங்கள்.

அடுத்தது, பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். மின்சாரம் மிச்சமாகும் என்பதற்காகச் சொல்லவில்லை. இப்போதைய டிவி காத்திருப்பு நிலையில் பெரும்பாலும் ஒரு வாட் கூட எடுக்காது, அதை வைத்துப் பில் குறையப் போவதில்லை. விஷயம் வேறு. காத்திருப்பில் உள்ள ஸ்மார்ட் டிவி பொத்தானைத் தொட்டதும் விழித்துக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினால் அது ஒரு கணினி மாதிரி முதலிலிருந்து எழ வேண்டும். பல டிவிகளுக்கு அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடம் இருட்டுத் திரையில் உங்கள் முகமே தெரியும். நான் இரண்டு மூன்று தடவை அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, பிளக்கைத் திரும்பப் பிடுங்கிவிட்டு வந்திருக்கிறேன்.

நாற்காலிகளைத் திருப்புங்கள். இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் பேட்டரிக்கு அடுத்தபடி எங்களுக்கு அதிகம் உதவியது இதுதான். பழுது பார்க்க எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கிறேன், கூடத்தில் எல்லா இருக்கையும் ஒரே சுவரைப் பார்த்துத்தான் இருக்கும், கொட்டகை மாதிரி. டிவி ஓடாவிட்டாலும் வந்து உட்கார்கிறவர் கண் அங்கேதான் போகும், கை ரிமோட்டைத் தேடும். இரண்டு நாற்காலியை எதிரெதிராகப் போடுங்கள், ஒன்றை ஜன்னல் பக்கம் திருப்புங்கள். டிவிமேல் ஒரு துணியைப் போர்த்துங்கள். ஓடும்போது போர்த்தாதீர்கள், சூடு வெளியேறாமல் போர்டு போய்விடும், அப்புறம் என்னிடம்தான் வருவீர்கள்.

ஸ்மார்ட் டிவியை வைத்துக்கொள்வதாக இருந்தால் ஒரு வேலை. நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்பதைத் திரையிலிருந்தே அடையாளம் கண்டு நிறுவனத்துக்கு அனுப்பும் வசதி பல டிவிகளில் உண்டு. அமெரிக்காவில் 1 கோடியே 10 லட்சம் டிவிகளில் பார்ப்பவர்களைக் கேட்காமல் இப்படிச் செய்ததற்காக விசியோ நிறுவனம் 2017-இல் 22 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. அமைப்புகளில் தனியுரிமை என்ற பகுதிக்குள் போய், பார்வைத் தகவல், விளம்பரத் தகவல் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அணைத்துவிடுங்கள். நாம் டிவி பார்ப்பது போதாதென்று அது நம்மைப் பார்க்க வேண்டியதில்லை.

ஏழு மணிக்கு என்ன செய்வது

இதுதான் பெரிய கேள்வி. டிவியை நிறுத்தினால் புத்தகம் படிக்கலாம், தோட்டம் போடலாம், பிள்ளைகளோடு விளையாடலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். முதல் வாரத்தில் நீங்கள் அதில் ஒன்றும் செய்யமாட்டீர்கள். சும்மா உட்கார்ந்திருப்பீர்கள். சுவர்க்கடிகாரம் அவ்வளவு சத்தம் போடும் என்று எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இன்னொன்றையும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை: சண்டை வரும். நாலாம் நாள் எனக்கும் மனைவிக்கும் வந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு கல்யாணத்துக்கு நான் அவள் அண்ணன் வீட்டில் தங்காமல் விடுதியில் தங்கியது பற்றி. அன்றைக்கு அதைப் பேச ஆரம்பித்தபோது ஏதோ தொடர் வந்துவிட்டது, பேச்சு நின்றது. அப்புறம் ஒவ்வொரு ராத்திரியும் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. பன்னிரண்டு வருடம் கழித்து அந்த வாக்கியம் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. மூன்று நாள் நீடித்தது. நடுவில் எழுந்துபோய்ப் பேட்டரியை எடுத்துவிடலாமா என்று நினைத்தேன், கை கடிகாரம்வரை போனது. எடுக்கவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி அவள் அண்ணனுக்கு நானே போன் செய்தேன். அவருக்கு அந்தக் கல்யாணமே நினைவில்லை.

ஆகவே, முதல் இரண்டு வாரத்துக்குக் கைக்கு வேலை கொடுங்கள், மூளைக்கு வேண்டாம். வீட்டில் ஆடுகிற மேஜைக்கால், அடைத்த குழாய், பொத்தான் போன சட்டை, கலைந்து கிடக்கும் புகைப்படங்கள். இதற்காகவே ஒரு பட்டியலை முன்னாலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஏழு மணிக்கு யோசித்தால் ஒன்றும் தோன்றாது. நான் ஒரு பழைய வால்வு ரேடியோவைப் பிரித்தேன். மகன் பக்கத்தில் வந்து நின்று, அப்புறம் உட்கார்ந்து, அப்புறம் சால்டரிங் அயர்னைக் கேட்டான். மகள் இதிலெல்லாம் ஒட்டவில்லை, அவள் ராத்திரி எட்டரை மணிக்கே தூங்க ஆரம்பித்தாள். அதுவும் சரிதான். அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம் போயிற்று.

சாப்பிடும் நேரம் தனி. டிவி பார்த்துக்கொண்டே சாப்பிட்டுப் பழகிய வீட்டில், அது இல்லாமல் சாப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், எழுந்துபோய்விடுவார்கள். அப்படித்தான் ஆகும். ஒரு மாதம் விடுங்கள்.

வீட்டில் மற்றவர்கள்

என் அம்மாவுக்கு 78 வயது. பகலில் நாங்கள் யாரும் இருக்க மாட்டோம். அவரிடம் பேட்டரித் தந்திரமெல்லாம் காட்டினால் அது கொடுமை. "நான் எங்கடா பார்க்கிறேன், மனுஷக் குரல் கேட்டுக்கிட்டு இருக்கட்டும்னு போட்டிருக்கேன்" என்றார். அவர் அறைக்கு ஒரு ரேடியோ வைத்துக் கொடுத்தேன், மதியம் நான் ஒரு தடவை, மனைவி ஒரு தடவை போன் செய்கிறோம். அதற்கு மேலும் அவர் சின்ன டிவி கேட்டார், கடையிலிருந்து ஒன்று கொண்டுவந்து வைத்தேன். இதை விதிமீறல் என்று நான் நினைக்கவில்லை. துணைக்கு ஆள் தராமல் துணையாக இருக்கும் பெட்டியை எடுக்கக் கூடாது.

சின்னக் குழந்தை உள்ள வீடு என்றால் இதற்கு நேர்மாறாகக் கறாராக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 2 வயது ஆகாத குழந்தைக்குத் திரையே கூடாது. 2 வயது முதல் 4 வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைய இருந்தால் இன்னும் நல்லது. போனைக் காட்டினால்தான் வாய் திறக்கிறது என்பவர்கள், போன் இல்லாத மூன்று வேளையைப் பொறுத்துக்கொண்டு பாருங்கள். பசிக்கும்.

செய்தி விஷயம். உலகத்தின் முதல் 24 மணி நேரச் செய்திச் சேனல் 1980 ஜூன் 1 அன்று தொடங்கியது. அதற்கு முன்பும் உலகம் நடந்துகொண்டுதான் இருந்தது, என்ன நடந்தது என்று மக்களுக்குத் தெரிந்துகொண்டும்தான் இருந்தது. நாள் முழுக்க நிரப்ப வேண்டுமென்றால் ஒன்றையே பத்துத் தடவை சொல்லியாக வேண்டும், ஒவ்வொரு தடவையும் இப்போதுதான் நடந்த மாதிரி. நான் ஒரு ராத்திரி திரையின் அடியில் சிவப்பில் ஓடியதையெல்லாம் எழுதி வைத்தேன், 11 வரி. ஒரு வாரம் கழித்து எடுத்துப் பார்த்தபோது அதில் இரண்டைப் பற்றித்தான் யாரும் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போது காலையில் ஒரு செய்தித்தாள், 20 நிமிடம். புயல் வருகிறது என்றால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிடுகிறார், அவர் வீட்டில் நாள் முழுக்க ஓடுகிறது.

விருந்தாளி வந்து "டிவி இல்லையா?" என்று கேட்டால் விளக்கம் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். "ரிப்பேர்" என்று சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் மட்டும் யாரும் நம்புவதில்லை.

பெட்டியை என்ன செய்வது

மூன்று மாதத்துக்கு விற்காதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். கோபத்தில் விற்றவர்கள் அடுத்த மாதம் அதைவிடப் பெரியதாக வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். கேபிள், ஓடிடி சந்தாக்களை மட்டும் உடனே நிறுத்துங்கள், தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டை முதலில்.

மூன்று மாதம் தாண்டியும் வேண்டாம் என்று தோன்றினால் தேவைப்படுகிறவருக்குக் கொடுங்கள். ஓடாத டிவியைக் குப்பையில் போடாதீர்கள், மின்கழிவு எடுப்பவர்களிடம் சேருங்கள். பழைய டியூப் டிவியின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. பழைய எல்சிடிகளில் பின்னால் எரியும் விளக்குக் குழாயில் பாதரசம் இருக்கிறது. டியூப் டிவியை ஆர்வத்தில் நீங்களே திறக்கவும் வேண்டாம். உள்ளே 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிற இடம் அது, அணைத்துவிட்ட பிறகும் டியூபில் மிச்சம் தங்கியிருக்கும். என்னை ஒரு தடவை எதிர்ச் சுவர்வரை தள்ளியிருக்கிறது.

நாங்கள் எங்கள் டிவியைக் கொடுக்கவில்லை. துணி போர்த்தி அதே சுவரில் இருக்கிறது. வருடத்தில் நாலைந்து தடவை, ஒரு நல்ல படத்துக்கோ ஒரு பெரிய ஆட்டத்துக்கோ, நாலு பேரும் கூடிப் பேசி முடிவு செய்து பேட்டரியை எடுப்போம். போன தடவை ஓர் இறுதி ஆட்டம். முடிய நள்ளிரவு தாண்டிவிட்டது, கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது, பேட்டரியைத் திரும்பப் போட எல்லோரும் மறந்துவிட்டோம். மறுநாள் கண் விழித்தபோது மணி ஒன்பதரை. அரக்கப்பரக்கக் கடைக்கு ஓடினால், பூட்டிய கடை வாசலில் ஒருவர் போர்வையில் சுற்றிய டிவியோடு நின்றுகொண்டிருந்தார். ராத்திரி ஆட்டத்தின் நடுவில் படம் போய்விட்டதாம். நான் பின்மூடியின் ஸ்க்ரூவைக் கழற்ற ஆரம்பிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "அண்ணே, நீங்க பார்த்தீங்களா? கடைசி பத்து நிமிஷம் எப்படி இருந்துச்சு?"